பழைய ஒயில், தார், புகைக்கரி: தோல் புற்றுநோயைத் தடுக்க மஞ்சளும் தேயிலையும் எவ்வளவு தூரம் உதவும்?

கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் என் மாமா முப்பது வருடத்துக்கு மேலாகக் கராஜ் நடத்துகிறார். அவருடைய உள்ளங்கையைக் கிட்ட வைத்துப் பார்த்தால் ரேகைக்குள் கறுப்பு ஊறிக் கிடக்கும். நகக்கண்களில் ஒரு மெல்லிய கோடு. எத்தனை தரம் கழுவினாலும் போகாது. காற்சட்டையின் வலப் பையில் எப்போதும் ஓர் ஒயில் துணி.

மூன்று வருடத்துக்கு முன் அவருடைய இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே கடலைப்பருப்பு அளவில் சொரசொரப்பாக ஒன்று வந்தது. பாலுண்ணி என்று நினைத்தார்கள். மாமி பச்சை மஞ்சளை அரைத்து ஆறு மாதம் பூசினார். அப்புறம் யாரோ சொன்னதைக் கேட்டுக் கள்ளிப்பால் வைத்தார்கள். மேலே செதில் உதிர்ந்து கீழே இரத்தம் கசியத் தொடங்கிய பிறகுதான் என்னிடம் காட்டினார். "தம்பி, மஞ்சள் கான்சருக்கு நல்லதெண்டு நீதானே சொன்னனி?"

சொன்னேன். உயிர்இரசாயனம் படித்த காலத்தில் சுண்டெலித் தோலில் மஞ்சளின் சத்து என்ன செய்கிறது என்று வாசித்துவிட்டு, ஒரு சாப்பாட்டு மேசையில் உற்சாகமாகச் சொன்னேன். நான் சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதிதான். மாமாவுக்கு வந்தது செதிட்கலத் தோல் புற்றுநோய், அதாவது மேல்தோலின் தட்டையான கலங்களில் தொடங்குவது. நல்லவேளை, பரவவில்லை, வெட்டி எடுத்துவிட்டார்கள். அன்று சொல்லாமல் விட்ட மீதிப் பாதியை ஒயிலோடும் தாரோடும் வேலை செய்கிறவர்களுக்காகவும் அவர்களுடைய வீட்டுக்காரர்களுக்காகவும் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: உங்கள் தோலில் படுவது என்னவென்று பெயர் சொல்லிப் பாருங்கள்

"கெமிக்கல்" என்று பொதுவாகச் சொன்னால் எதையும் தடுக்க முடியாது. தோல் புற்றுநோயை உண்டாக்கும் இரசாயனங்களில் முதல் இடம் பல்வளைய நறுமண ஐதரோகாபன் என்ற குடும்பத்துக்கு. கரி, எண்ணெய், விறகு எதுவாக இருந்தாலும் அரைகுறையாக எரியும்போது இவை உண்டாகின்றன. இவற்றில் பேர்போனது பென்சோபைரீன். 1930களின் தொடக்கத்தில் இலண்டனில் நிலக்கரித் தாரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் புகைக்கரியையும், நிலக்கரித் தாரையும், சரியாகச் சுத்திகரிக்காத கனிம எண்ணெயையும் முதலாம் வகுப்பில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவை அந்த வகுப்பில் இருக்கும்.

கராஜ்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. டின்னை உடைத்து ஊற்றும் புது எஞ்சின் ஒயில் நன்றாகச் சுத்திகரிக்கப்பட்டது. அது எஞ்சினுக்குள் பல ஆயிரம் கிலோமீற்றர் வெந்து வெளியே வரும்போது பென்சோபைரீன் போன்றவை அதில் சேர்ந்துவிடுகின்றன. ஆகவே பயப்பட வேண்டியது கழற்றி வடிக்கும் கறுப்பு ஒயிலுக்கு.

"தார்" என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் உண்டு. நம் ஊரில் வீதிக்குப் போடுவதையும் தார் என்கிறோம், நிலக்கரியிலிருந்து வருவதையும் தார் என்கிறோம். வீதிக்குப் போடுவது பெற்றோலியத்தின் அடிமண்டியான பிற்றுமன். அதே முகவரகம் 2013இல் வெளியிட்ட மதிப்பீட்டில் வீதி வேலையின் பிற்றுமன் "புற்றுநோய் தரக்கூடும்" என்ற வகுப்பிலும், கூரைகளுக்குப் பூசும் ஒட்சியேற்றிய பிற்றுமன் அதற்கு ஒரு படி மேலேயும் வைக்கப்பட்டன. நிலக்கரித் தார் அளவுக்கு இவை மோசம் இல்லை. அதற்காகக் கையில் அப்பிக்கொள்ளத் தக்கவையும் இல்லை. (சொரியாசிசுக்கு டொக்டர் எழுதிக் கொடுத்த தார் மருந்தைப் பூசுகிறவர்கள் இதை வாசித்துவிட்டுத் தாமாக நிறுத்த வேண்டாம். அது வேறு கணக்கு, டொக்டரோடு பேசுங்கள்.)

இன்னொன்று ஆசனிக் என்ற நஞ்சு. சித்த மருந்துகளில் சேர்க்கும் தாளகம், மனோசிலை இரண்டும் ஆசனிக் தாதுக்கள். நீண்ட காலம் உடம்புக்குள் போனால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கடினமான சிறு முடிச்சுகள் வரும். பின்னர் தோல் புற்றுநோயும் வரலாம். பெயர் தெரியாத செந்தூரமோ பற்பமோ சாப்பிடுகிறவர்கள் அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டே ஆகவேண்டும்.

படி 2: ஒரு துளி கரி எப்படிப் புற்றாகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

இது விளங்காமல் தாவரச் சேர்வைகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

1775இல் இலண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் பெர்சிவல் பொட், புகைபோக்கிக்குள் இறங்கித் துடைத்த சிறுவர்கள் வளர்ந்த பிறகு அவர்களுடைய விதைப்பையில் புற்று வருவதைக் கண்டு எழுதினார். தோல் மடிப்புக்குள் கரி தங்குவதுதான் காரணம் என்றார். 140 வருடம் கழித்து, 1915இல், தோக்கியோவில் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் மாதக்கணக்காக நிலக்கரித் தாரைப் பூசிப் புற்றை உண்டாக்கிக் காட்டினார்கள். இரசாயனத்தால் புற்று வரும் என்பதற்கு அதுதான் முதல் நேரடிச் சான்று.

1940களில் ஐசாக் பெரன்ப்ளமும் அவர் காலத்து ஆய்வாளர்களும் இன்னொன்றைக் கண்டார்கள். புற்று இரண்டு கட்டமாக வருகிறது. முதலில் "தொடக்கம்". சுண்டெலியின் முதுகில் டி.எம்.பி.ஏ என்ற இரசாயனத்தை ஒரே ஒரு தடவை, மிகக் குறைந்த அளவில் தடவுவார்கள். அது தோலின் கலத்துக்குள் போய், எச்-ராஸ் என்ற மரபணுவின் 61ஆவது குறியீட்டில் ஓர் எழுத்தை மாற்றிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. எலி நன்றாகத்தான் இருக்கும். மாறிய எழுத்து மட்டும் திரும்பி வராது.

அடுத்தது "ஊக்கம்". மாறிய கலம் பெருகுவதற்கு யாராவது தட்டி எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை, பல வாரம், தோலை எரியவைக்கும் வேறொரு பொருளைப் பூசுவார்கள். இரண்டு மூன்று மாதத்தில் மருக்கள் போலக் கட்டிகள் முளைக்கும். சில அப்புறம் உண்மையான புற்றாக மாறும்.

தொடக்கம் நடந்து பல மாதம் கழித்து ஊக்கியைப் பூசினாலும் கட்டி வருகிறது. ஊக்கியை மட்டும் பூசினால் கட்டி வருவது அரிது. வரிசையை மாற்றி முதலில் ஊக்கி, பிறகு டி.எம்.பி.ஏ என்று பூசினால் வராது. ஊக்கியைப் போதிய இடைவெளி விட்டுப் பூசினாலும் வராது. அதாவது தொடக்கம் அழியாத எழுத்து. ஊக்கம் மட்டும் நீண்டது, நடுவில் நிறுத்தக்கூடியது. தடுப்பு என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் அந்த நீண்ட காலத்தை நம்பித்தான்.

பூசிய அந்த ஊக்கி எது? பெரன்ப்ளம் பயன்படுத்தியது குரோட்டன் எண்ணெய். அது நம் சித்த வைத்தியத்தில் பேதிக்குக் கொடுக்கும் நேர்வாளத்தின் கொட்டையிலிருந்து வருவது. சிங்களத்தில் ஜயபால என்பார்கள். 1960களில் ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில் எரிக் ஹெக்கரின் குழு அந்த எண்ணெயிலிருந்து டி.பி.ஏ என்ற சேர்வையைப் பிரித்தெடுத்தது. இன்று உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் எலித்தோலில் கட்டியை வளர்க்கப் பயன்படும் பொருள் அது. மூலிகையிலிருந்து வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 3: எந்தச் சேர்வை எந்தக் கதவை அடைக்கிறது என்று பாருங்கள்

1976இல் மைக்கேல் ஸ்போர்ன் என்பவர், புற்று வருமுன் இரசாயனத்தாலேயே தடுக்கும் முயற்சிக்கு "வேதித் தடுப்பு" என்று பொருள்படும் பெயரை வைத்தார். அதன்பின் எலித்தோல் மாதிரியில் சோதித்துப் பார்த்த தாவரங்களைச் சொல்லி முடியாது. எல்லாவற்றையும் மூன்று கதவுகளாகப் பிரித்துப் பார்த்தால் தலை சுற்றாது.

முதல் கதவு, நஞ்சு நஞ்சாக மாறும் இடம். பென்சோபைரீன் உள்ளே வரும்போது அவ்வளவு வீரியமானதல்ல. நம் உடம்பின் நொதியங்கள் அதைக் கழித்து அனுப்பப் பார்க்கையில், இடையில் மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு கொடிய வடிவம் பிறந்துவிடுகிறது. இதற்கு எதிராகக் கலத்துக்குள் கழிவகற்றும் நொதியங்களும் உண்டு. அவற்றை முடுக்கிவிடும் தாவரச் சேர்வைகளில் அதிகம் ஆராயப்பட்டது 1992இல் புரொக்கோலியிலிருந்து பிரித்த சல்ஃபோராஃபேன். கொழும்பில் புரொக்கோலி விலைக்கு வாரம் ஒருமுறை வாங்குவதே கஷ்டம். அதே குடும்பத்துக் கோவாவிலும் நோக்கோலிலும் உறவுச் சேர்வைகள் இருக்கின்றன. துளசி இலைச் சாறும், கறிவேப்பிலைச் சாறும் எலியின் தோல் கட்டிகளைக் குறைத்ததாக இந்திய ஆய்வுகள் சொல்கின்றன. துளசி ஆய்வு 1994இல் வந்தது. கழிவகற்றும் நொதியம் ஒன்று தோலில் கூடியதையும் அதில் காட்டினார்கள்.

இரண்டாவது கதவு, கொடிய வடிவம் மரபணுவைத் தொடுமுன் அதைப் பிடித்துக்கொள்வது. மாதுளையில் உள்ள எலாஜிக் அமிலம் பென்சோபைரீனின் அந்த வடிவத்தோடு தானே போய்ச் சேர்ந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது என்று 1982இல் கண்டார்கள். பரிசோதனைக் குழாயில் இது அழகாக வேலை செய்தது. உயிருள்ள விலங்கில் முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை.

மூன்றாவது கதவுதான் ஊக்கத்தை நிறுத்துவது. இங்கேதான் நம் சமையலறை நிறைந்து நிற்கிறது.

மஞ்சளின் குர்குமினைப் பற்றி 1988இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அலன் கோனியின் குழு வெளியிட்ட முடிவுதான் என்னை அந்த மேசையில் பேசவைத்தது. டி.எம்.பி.ஏ தடவிய எலிகளுக்கு 20 வாரம், வாரத்துக்கு இரு தடவை, டி.பி.ஏயோடு சேர்த்துக் குர்குமினையும் பூசினார்கள். கூடிய அளவில் பூசியபோது ஓர் எலிக்கு வந்த கட்டிகளின் எண்ணிக்கை 98 வீதம் குறைந்தது. டி.பி.ஏ தோலில் கிளப்பும் அழற்சியையும், கலம் பெருகும்போது கூடும் ஓர்னிதீன் டிகார்பொக்சிலேஸ் என்ற நொதியத்தையும் குர்குமின் அடக்குகிறது.

தேயிலையில் இருக்கும் ஈ.ஜி.சி.ஜி என்ற, கற்றெகின் வகைச் சேர்வை ஊக்கத்தைத் தடுக்கிறது என்று அதற்கு முந்தைய வருடமே, 1987இல், ஜப்பானில் காட்டிவிட்டார்கள். அது பச்சைத் தேயிலையில் நிறைய உண்டு. நாம் குடிக்கும் கறுப்புத் தேயிலையைப் பதப்படுத்தும்போது கற்றெகின்களின் பெரும்பகுதி தியாஃப்ளேவின், தியாருபிஜின் என்று மாறிவிடும். பிளேன் ரீக்கு அந்தச் செம்பொன் நிறம் அவற்றால்தான். கறுப்புத் தேயிலையும் எலித்தோலில் பயன் தந்திருக்கிறது. மனிதர்களிடம், 2000ஆம் ஆண்டு வெளியான அரிசோனா ஆய்வு ஒன்றில், சூடான கறுப்புத் தேநீர் குடிப்பவர்களிடையே செதிட்கலத் தோல் புற்று குறைவாகக் காணப்பட்டது. அது வெயிலால் வரும் புற்று, அதுவும் ஒரு தொடர்பு மட்டும். தேநீர்தான் தடுத்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

திராட்சைத் தோலிலும் நிலக்கடலையிலும் உள்ள ரெஸ்வெரட்ரோலை உலகப் புகழாக்கியது 1997இல் வந்த சிக்காகோ ஆய்வு. அங்கும் எலித்தோலில் கட்டிகள் 68 முதல் 98 வீதம் வரை குறைந்தன. இஞ்சியின் ஜிஞ்சரோலுக்கு 1998இல் வந்த சான்று உண்டு. வெங்காய, உள்ளி எண்ணெய்களுக்கு 1983இலிருந்தே உண்டு.

வாசிக்க மனம் குளிர்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

படி 4: அந்த 98 வீதத்தை உங்கள் கைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

குர்குமின் பரிசோதனையையே எடுப்போம். கூடிய அளவு என்றது 10 மைக்ரோமோல். குர்குமினின் மூலக்கூற்று நிறை 368. ஆகவே ஒரு தடவைக்கு ஏறக்குறைய 3.7 மில்லிகிராம். கடை மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 வீதம்தான் இருக்கும். அப்படியானால் ஓர் எலியின் மழித்த முதுகுத் துண்டுக்கு மட்டும் 120 மில்லிகிராம் தூளில் இருக்கும் குர்குமின் முழுவதும் தோலுக்குள் இறங்க வேண்டும். ஆய்வுகூடத்தில் அதை அசற்றோனில் கரைத்துத் தடவினார்கள். குர்குமின் தண்ணீரில் கிட்டத்தட்டக் கரைவதே இல்லை. மாமி அரைத்த மஞ்சளில் மணிக்கட்டு மஞ்சளானது உண்மை. சேர்வை எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்பது வேறு கேள்வி.

இரண்டாவது, நேரம். அந்த எலிகளுக்கு ஊக்கியோடு கூடவே குர்குமினையும் பூசினார்கள், கட்டி வருமுன். மாமாவுக்குப் பூசியது கட்டி வந்த பின். தடுப்புக்கான சான்றைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தியதுதான் எங்கள் வீட்டில் நடந்த பிழை. ஆறு மாதம் அதில் போனது.

மூன்றாவது, ஊக்கி. எலிக்குப் பூசியது சுத்தமான டி.பி.ஏ. கராஜில் படுவது நூற்றுக்கணக்கான பொருள் கலந்த கழிவு ஒயில். தொடக்கமும் ஊக்கமும் அதில் ஒரேயடியாக, நாள்தோறும் நடக்கின்றன. ஒரு கதவை அடைத்தால் போதாது.

சரி, பூசாமல் சாப்பிட்டால்? குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. மிளகின் பைப்பரீன் அதைப் பல மடங்கு கூட்டும் என்று 1998இல் பெங்களூரில் காட்டினார்கள். அதை நம்பிச் செறிவான மாத்திரைகள் விற்கிறார்கள். அந்த மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரையும் அப்படித்தான். நாளுக்கு 800 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜியும் அதற்கு மேலும் போனால் ஈரல் நொதியங்கள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் சொல்லியிருக்கிறது. கோப்பையில் குடிக்கும் தேநீர் வேறு, போத்தலில் வரும் சாறு வேறு.

மனிதரில் முழுமையாகச் சோதித்துப் பார்த்த தாவரச் சேர்வை ஒன்றின் கதையையும் சொல்லிவிடுகிறேன். கரட்டின் நிறப்பொருளான பீற்றா கரோட்டின். ஏற்கெனவே தோல் புற்று வந்து குணமான 1,805 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு நாளுக்கு 50 மில்லிகிராம் வீதம் ஐந்து வருடம் கொடுத்தார்கள். 1990இல் முடிவு வந்தது: புதுப் புற்று வருவதில் எந்தக் குறைவும் இல்லை. 1994இல் பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு அதே சேர்வையை மாத்திரையாகக் கொடுத்தபோது நுரையீரல் புற்று 18 வீதம் கூடியது. கரட்டைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. மாத்திரைக்குள் அடைத்த பிறகு அது கரட் இல்லை என்பதே செய்தி.

படி 5: எதிர்ப்பக்கம் நிற்கும் தாவரங்களை அடையாளம் காணுங்கள்

இந்தப் படியை வாசிக்காமல் தாண்டிவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

புறக்கோட்டை கேபோஸ் லேனுக்குள் போனால் இரு பக்கமும் மருந்துச் சரக்குக் கடைகள். சாக்கில் வேர், பட்டை, கொட்டை. ஒழுங்கை முழுக்க வசம்பும் திப்பிலியும் மணக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம். அங்கே இருக்கும் பொருள்களில் சில, தெரிந்த வைத்தியர் கையில் மருந்து. நம் கையில் நஞ்சு. நேர்வாளத்தைப் பற்றி மேலே சொன்னேன். அதைச் சுத்தி செய்யாமல் வைத்தியர்கள் தொட மாட்டார்கள். அந்த எண்ணெயைத் தோலில் தடவும் கைமருந்து எதையும் செய்யாதீர்கள்.

கள்ளிப்பால் அதே வழிதான். திருகுகள்ளியின் பாலில் டி.பி.ஏயின் உறவுக்காரச் சேர்வைகள் இருக்கின்றன. எலித்தோலில் அவை ஊக்கிகளாக வேலை செய்கின்றன. பாலுண்ணியைச் சுட்டுவிடுகிறது என்று நம்புகிறோம். மேலே சுடுகிறது, கீழே இருப்பதை எழுப்பிவிடவும் கூடும். எருக்கம்பாலும் சேங்கொட்டையும் தோலை அரித்துப் புண்ணாக்குபவை. அடியில் புற்று இருந்தால் மேல்தோலை மட்டும் ஆற்றி உள்ளே மறைத்துவிடும். மாமாவின் மணிக்கட்டில் கள்ளிப்பால் வைத்த இடம் வெந்து பொருக்குத் தட்டியதால், முதலில் பார்த்தவருக்கு எது புண், எது கட்டி என்று பிரித்தறியவே முடியவில்லை.

இந்தக் கள்ளிக் குடும்பத்திலிருந்தே ஒரு முறையான மருந்தும் வந்தது. வெயிலால் வரும் புற்று முன்நிலைத் திட்டுகளுக்கு, சிறு கள்ளி இனம் ஒன்றின் பாலிலிருந்து எடுத்த இன்ஜெனொல் மெபுட்டேற் என்ற பூச்சை 2012இல் அமெரிக்கா அங்கீகரித்தது. மூன்று வருடத் தொடர் ஆய்வில் இதைப் பூசியவர்களில் 3.3 வீதத்தினருக்கும், ஒப்பிட்ட வேறு மருந்தைப் பூசியவர்களில் 0.4 வீதத்தினருக்கும் தோல் புற்று வந்தது. 2020இல் ஐரோப்பிய மருந்து முகவரகம், இதன் ஆபத்து பயனைவிடப் பெரிது என்று முடிவு செய்தது. இத்தனை பரிசோதனை கடந்து வந்த மருந்துக்கே இந்தக் கதி என்றால், வேலியோரத்துக் கள்ளியை என்னவென்று நம்புவது?

கார்போக அரிசி இன்னொன்று. குளியல் பொடியிலும் வெண்புள்ளி மருந்திலும் சேர்ப்பார்கள். அதிலுள்ள சொராலென் வெயிலோடு சேர்ந்தால் தோலின் மரபணுவைத் தாக்கும். வைத்தியசாலையில் இதே குடும்பத்து மருந்தையும் புற ஊதா ஒளியையும் சேர்த்து அளவோடு கொடுப்பார்கள்; அங்குகூட நீண்டகாலச் சிகிச்சையில் செதிட்கலப் புற்று கூடுவது தெரிந்த விடயம். பூசிக்கொண்டு கொழும்பின் நடுமத்தியான வெயிலில் நிற்காதீர்கள். தேசிக்காயாலும் அப்படி நடக்கும்: ஒயில் கறையைத் தேசிக்காயால் தேய்த்துவிட்டு வெயிலுக்குப் போனால் கை கொப்பளித்துக் கறுக்கும்.

படி 6: சேர்வைக்கு முன் சவர்க்காரம்

1892இல் ஹென்றி பட்லின் என்ற ஆங்கில சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு கேள்வி கேட்டார். இங்கிலாந்தில் புகைபோக்கி துடைப்பவர்களுக்கு இவ்வளவு புற்று வருகிறது. கடல் தாண்டி ஐரோப்பாவில் அதே வேலை செய்பவர்களுக்கு ஏன் வருவதில்லை? போய்ப் பார்த்தார். அவர்கள் உடம்பை இறுக மூடும் உடை போட்டார்கள், தினமும் தேய்த்துக் குளித்தார்கள். எலித்தோலில் 98 வீதம் காட்டிய எந்தச் சேர்வைக்கும் மனிதரில் இவ்வளவு தெளிவான சாட்சி இல்லை.

அதனால் கராஜில் இப்படிச் செய்யுங்கள். கழிவு ஒயில் வடிக்கும்போது நைட்ரைல் கையுறை. மெல்லியது போதும், கிழிந்ததும் மாற்றுங்கள். கையைப் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதீர்கள். அவை தோலின் கொழுப்பைக் கரைத்து, அடுத்த ஒயில் உள்ளே இறங்க வழி திறந்துவிடும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுக் கையைப் பிசைந்தால் கிறீஸ் இளகி வரும். அதைக் கடதாசியால் துடைத்துவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். எண்ணெயோடு விட்டுவிடக் கூடாது. நகக்கண்ணுக்கு ஒரு பழைய பல் தூரிகை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னும் இதே கழுவல்.

அப்புறம் அந்தத் துணி. காற்சட்டைப் பையில் ஒயில் துணி வைப்பது, பொட் சொன்ன கரியைத் தொடையிடுக்கில் நாள் முழுக்கக் கட்டி வைப்பதற்குச் சமம். துணி ஊறி, காற்சட்டை ஊறி, தோலில் எட்டு மணித்தியாலம் ஒட்டிக் கிடக்கும். சுவரில் ஓர் ஆணி அடித்து அதில் கொழுவுங்கள். மாமாவின் கராஜில் இப்போது மூன்று ஆணி இருக்கிறது. வேலை உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் தோய்க்காதீர்கள்.

வீதி வேலை, கூரை வேலை செய்கிறவர்கள் நீளக்கை போடுங்கள். வேலையில் நிலக்கரித் தார் பட்டால், அந்தத் தோல் வெயிலில் சாதாரணத்தைவிட அதிகம் எரியும். இரண்டும் சேர்ந்தால் சேதம் கூடும்.

படி 7: சமையலறையில் எவ்வளவு?

இங்கே சொல்ல அதிகம் இல்லை. கறிக்கு மஞ்சள், மிளகு, உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை. நாளுக்கு ஒரு கீரை அல்லது கோவா. மாதுளை, நெல்லி கிடைக்கும்போது. நம் சாப்பாடு ஏற்கெனவே இப்படித்தான், அதைக் கைவிடாமல் இருந்தால் போதும். தேநீரைக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதீர்கள்: 65 பாகைக்கு மேல் சூடான பானங்களை உணவுக்குழாய்ப் புற்றோடு சேர்த்து, மேலே சொன்ன புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016இல் எச்சரித்திருக்கிறது. கோப்பையை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் கதைத்துவிட்டுக் குடியுங்கள்.

மஞ்சளை முழுக் கிழங்காக வாங்கி அரைப்பது நல்லது. 2020இல் இறக்குமதி கட்டுப்பட்டு விலை ஏறிய நாட்களில் கலப்பட மஞ்சள் தூள் இங்கே பெரும் தொல்லையாக இருந்தது. மஞ்சள் நிறம் கூட்ட ஈயக் குரோமேற் சேர்ப்பது பங்களாதேஷில் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலுள்ள குரோமியமே ஒரு புற்றுநோய்க் காரணி. தடுக்க வாங்கியதில் அது வந்து சேர வேண்டாம்.

படி 8: மாதம் ஒருமுறை தோலைப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில், குளித்த பின். கையின் மேற்புறம், முன்கை, கழுத்து, காது, தொடையிடுக்கு, விதைப்பை. நம் நிறத் தோலில் செதிட்கலப் புற்று வெயில் படாத இடத்திலும், பழைய தீக்காயத் தழும்பிலும், ஆறாத புண்ணிலும் வரும். ஆகவே தழும்பு இருந்தால் அதையும். நான்கு வாரத்தில் ஆறாத புண், சொரசொரப்பாக வளரும் உண்ணி, தொட்டால் இரத்தம் வரும் பொருக்கு, அடி தடித்த கட்டி: இவற்றில் ஒன்று கண்டால் எதையும் பூசாதீர்கள். மஞ்சளும் வேண்டாம். பூசினால் பார்ப்பவருக்கு உண்மை உருவம் தெரியாது.

நேரே தேசிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு அல்லது வீட்டுக்குக் கிட்ட உள்ள அரச வைத்தியசாலைக்குப் போய்த் தோல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். காசு இல்லை. சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள். அது ஊசி போட்டு மரக்கவைத்துச் செய்வது, சில நிமிடம்தான். "வெட்டினால் பரவும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டுத் தள்ளிப்போடாதீர்கள். தேவைப்பட்டால் மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அங்கிருந்தே அனுப்புவார்கள்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள்: என்ன வேலை, எத்தனை வருடம், தோலில் என்ன படுகிறது, புண் எப்போது தொடங்கியது, இதுவரை என்னென்ன பூசினீர்கள், என்ன மாத்திரை அல்லது செந்தூரம் சாப்பிட்டீர்கள். கள்ளிப்பால் வைத்திருந்தால் வெட்கப்படாமல் அதையும் எழுதுங்கள். மாமா முதல் தடவை போனபோது "கராஜ்" என்ற ஒரு சொல்லைச் சொல்ல மறந்துவிட்டார். உண்ணி என்று களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை நான் கூடப் போய், முப்பது வருடம் கறுப்பு ஒயில் என்று சொன்னேன். டொக்டர் பேனையை வைத்துவிட்டு, கையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். அடுத்த கிழமையே துண்டு எடுத்தார்கள்.